தொட்டில் இன்னும் வந்து சேராததற்குக் காரணம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அசான்காதிர் அவர்களுக்கு, நாரினிலிருந்து ஜுமாதில் தலைதாழ்த்தி எழுதுவது. தாங்களும் சம்பந்தியம்மாளும் சுகமா, ஆடுகள் மலையிலிருந்து குறையாமல் இறங்கினவா, குதிரையின் கால் தேவலையா? இங்கே நானும் என் வீட்டுக்காரி புருலும் சுகம். தொட்டிலும் சுகம். இரண்டு நாளாகத் தாங்கள் என் தொலைபேசியை எடுக்காததால், இதை வாடகைக் கார்க்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நாற்பது நாளுக்குள் பேரனுக்குத் தொட்டில் கொண்டுவருவது பெண் வீட்டார் கடமை என்பது எனக்குத் தெரியாததல்ல. போன வாரம் ஜீபெக் பேசினாள். "அப்பா, புள்ள இன்னும் மெத்தையிலதான் கெடக்கான். அத்தை ஒரு வார்த்தை சொல்லல. அதான் பயமா இருக்கு." அன்றே கிளம்பியிருப்பேன். ஆனால் என் காரின் நான்கு டயரும் மொட்டை. ஊருக்குள் சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அது போதும். தங்கள் ஊர் வரும் வழியிலுள்ள டொலோன் கணவாயிலோ பனி விழுந்துவிட்டது.

எனவே குளிர்கால நிலக்கரிக்கு வைத்திருந்த பணத்தோடு டயர் சந்தைக்குப் போனேன். ஜப்பானிலிருந்து வந்த பழைய டயர்கள் பட்டன் ஆழமாக, விலை மலிவாக, பார்க்க அழகாக இருந்தன. நல்லவேளை, பஞ்சர் கடை குபாத் கூட வந்தான். "அண்ணே, பட்டனை மட்டும் பாத்து ஏமாறாதீங்க. ஓரத்துல நாலு நம்பர் இருக்கும் பாருங்க, எந்த வாரம், எந்த வருசம்னு" என்றான். பார்த்தேன். அந்த வருஷம் ஜீபெக் ஆறாம் வகுப்பு. "ரப்பர் கல்லாப் போயிருக்கும். நீங்க என்ன பந்தயமா ஓட்டப் போறீங்க? பேர் இல்லாத கம்பெனியா இருந்தாலும் புதுசா, பனிக்கு ஆனதா வாங்குங்க." அப்படியே நான்கு வாங்கினேன். முதல் பனி என்பதால் குபாத்தின் பட்டறையில் மூன்று நாள் வரிசை. டயர்களை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நான் செய்த பிழை அதுதான்.

மறுநாள் என் அக்கா மகன் தாலாய் வந்தான். தாய்மாமனிடம் மூன்று முறை எதைக் கேட்டாலும் தர வேண்டும், மறுத்தால் மாமனுக்குத்தான் கேடு என்பது தங்களுக்குத் தெரியும். போன வருஷம் குதிரைக்குட்டியைக் கேட்டு வாங்கிப் போனவன். அவன் கார் சத்தம் கேட்டதும் புருல் மெத்தைகள் அடுக்கும் இடத்தில் டயர்களை வைத்து, மேலே மெத்தைகளை அடுக்கிவிட்டாள். விருந்தாளிக்கு மரியாதையான இடம் அந்த அடுக்கின் பக்கம்தான் என்பதால், அவனை அங்கேயே உட்கார வைக்க வேண்டியதாயிற்று.

"என்ன அத்தை, வீடெல்லாம் ரப்பர் நாத்தம்?"

"மாமாவுக்குப் புது பூட்ஸ் வாங்கினோம்பா."

அவன் சாய்ந்துகொண்டான். மெத்தை அடுக்கு சரிந்தது. "நாலு காலுக்கும் வாங்கிட்டீங்களா மாமா?" என்றான். பிறகு, "என் வண்டிக்கும் இதே அளவுதான். எனக்குக் குடுங்க" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டான். கொடுத்தேன். ஏற்றி விட்டதும் நானேதான். முதுகுவலி வேறு.

எனவே சம்பந்தி, வசந்தத்தில் கணவாயில் பனி உருகும்வரை என்னால் வர இயலாது. வாடகைக் காரில் வரக் கையில் பணமில்லை; தொட்டிலை மட்டும் கொடுத்தனுப்புவதும் முறையல்ல. தவறு என்னுடையது; என் மகளை முகம் கோணிப் பார்க்காதீர்கள். பேரன் நீண்ட ஆயுளோடு இருக்கட்டும், தங்கள் வீட்டு அடுப்பு அணையாதிருக்கட்டும்.

தங்கள்,
ஜுமாதில்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது வாசலில் ஹாரன் சத்தம். குபாத்தின் வரிசையில் என் முறைக்குப் போய், என் பெயரைச் சொல்லி, அந்த டயர்களையே மாட்டிக்கொண்டு தாலாய் வந்து நிற்கிறான். "இன்னும் கெளம்பலையா மாமா? பனியில நீங்க கணவாய் ஓட்ட வேண்டாம், நானே கூட்டிட்டுப் போகலாம்னுதான் வாங்கிட்டுப் போனேன். தொட்டில மேல கட்டுவோமா?" என்கிறான். ஆகவே மேலே எழுதியதை மறந்துவிடுங்கள், சாயங்காலத்துக்குள் வந்துவிடுவோம். கார்க்காரர் எங்களுக்கு முன்பே கிளம்புவதால் ஒரு வேண்டுகோள். தாலாயின் மனைவிக்கு இது ஏழாம் மாதம். கயிறு கட்டும்போதே, "நல்ல வேலைப்பாடு மாமா" என்று இரண்டு தரம் தொட்டிலைத் தடவிவிட்டான். அவனுக்கு இன்னும் ஒரு முறை பாக்கி. நாங்கள் வந்ததும் நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. முதலில் தொட்டிலை இறக்கிப் பேரனை அதில் படுக்க வைத்துவிடுங்கள்.