சூசைமாணிக்கம் வால்வு ஸ்பிரிங் தேர்ந்த காதை

1999 ஜூன் 7, திங்கட்கிழமை, காலை ஆறு இருபதுக்கு, திண்டுக்கல்லிலிருந்து சிறுமலைக்கு ஏறும் பாதையின் மூன்றாம் கொண்டை ஊசி வளைவில் ஒரு லாரியை மற்றொரு லாரி முந்திச் சென்றது.

வாழ்க, முந்தப்பட்டவன்! நாகல் நகர்ப் பூட்டுப் பட்டறைக் குலத்தில் தோன்றியவனும், ‘சவேரியார் துணை’ என்று நெற்றியில் எழுதிய நீலத்தேரின் தலைவனும், மலையின் வளைவு ஒவ்வொன்றையும் கிளட்ச் மிதிக்கும் இடது காலால் அறிந்தவனும், தார் தாராய்த் தொங்கும் மலைவாழையின் காவலனுமாகிய சூசைமாணிக்கத்தைப் பாடப் புகுந்தோம். ஏர் ஹாரனே, எம் நாவில் எழுந்தருள்க! கிரீஸே, எம் சொற்கள் தேயாமல் காப்பாயாக!

போர் மூண்ட காரணம் இது. மேலே முதலில் போய்ச் சேரும் லாரிக்கே முதலில் வாழைத்தார் ஏற்றுவார்கள். அது விரைந்து இறங்கி, ஏலம் தொடங்குமுன் சந்தைக்குள் நுழைந்துவிடும். இரண்டாவது லாரி நண்பகல்வரை பலாமரத்தடியில் நின்று ஈ ஓட்டும். காலை ஆறு மணிக்கு அடிவாரத்து வனத்துறைத் தடுப்பு திறக்கும்போது முதலில் நிற்பவன் என்றும் நம் வீரனே. ஆனால் வாய் அகன்ற அந்த மூன்றாம் வளைவில், புலியின் நிறத்ததாய், புகையே கொடியாய்ச் சீறிவரும் உடையப்பனின் மஞ்சள் லாரி அவனைக் கடந்துவிடும். கடக்கையில் உடையப்பன் சன்னல் வழியே தலை நீட்டி, மலைமுகடுகள் எதிரொலிக்க ஒன்றே ஒன்றை முழங்குவான்:

“ஏலே மாணிக்கம், மேல போயி ஒனக்கு ஒரு டீ சொல்லி வைக்கிறேன்!”

வஞ்சினம் என்றால் பொறுக்கலாம். அவனோ மெய்யாகவே சொல்லி வைத்தான். அந்தத் திங்கட்கிழமையோடு நாற்பது நாள் சூசைமாணிக்கம் ஆறிப்போன டீயைக் குடித்திருந்தான். தார் ஏற்றும் ஆட்கள் அவனுக்கு ‘ஆறுன டீ’ என்று பட்டம் சூட்டினார்கள்.

நாற்பத்தோராம் நாள் அவன் தேரைப் பழனி சாலைக்குச் செலுத்தினான். ஆயிரம் எஞ்சின்களின் வயிற்றைத் திறந்து மூடியவரும், காதால் நோய் அறிபவருமான மெக்கானிக் ஜமால் முகமதுவின் பட்டறை அங்கேதான் இருந்தது. எஞ்சினுக்குள் கேம்ஷாஃப்ட் என்றோர் இரும்புத்தண்டு சுழலும். அதன் முட்டை வடிவ மேடுகள் கம்பிகளைத் தள்ள, வால்வுகள் வாய் திறந்து காற்றுண்ணும். ஸ்பிரிங்குகள் உடனே அந்த வாய்களை அறைந்து மூடும். இவற்றை மாற்றினால் வண்டி வேறு பிறவி எடுக்கும் என்றார் பாய். கோயம்புத்தூரில் கடைந்து வந்த இரண்டு தண்டுகளைச் சாக்கின்மேல் கிடத்தினார்.

“இது ஏத்தத்துக்கு. மெதுவாப் போனாலும் இழுக்கும். அது ரோட்டுல வெரட்டுறதுக்கு. ஒனக்கு இதுதான். ஸ்பிரிங்கும் இதுக்குன்னு ஜோடி வந்திருக்கு, மாத்திப்புடாதே.”

தண்டைத் தேர்வதில் வீரன் தடுமாறவில்லை என்று பாடவே ஆசை. உண்மை அதுவன்று. சுயம்வர மண்டபத்து இளவரசி போல இரண்டு தண்டுகளுக்கும் நடுவே இரண்டு பகலும் ஏழு டீயும் அவன் நின்றான். முடிவில் பாய் காட்டிய தண்டையே எடுத்தான். அறிவு அவனை ஆண்ட கடைசிக் கணம் அது.

ஏனெனில் அடுத்து அவன் கையில் வந்தது ஸ்பிரிங். ஸ்பிரிங்கைக் கண்டதும் பூட்டுக்குலத்து இரத்தம் கொதித்தெழுந்தது. மூன்று தலைமுறையாக அவன் வீட்டில் பூட்டு சோதித்த முறை ஒன்றுதான்: கட்டைவிரலால் ஸ்பிரிங்கை அமுக்க வேண்டும், அமுங்கினால் அது குப்பைக்கு, விரல் வலித்தால் அது பூட்டுக்கு. ஏத்தத்துத் தண்டோடு வந்த ஸ்பிரிங் அவன் விரலுக்குச் சற்றே இசைந்தது. அவன் முகம் சுருங்கியது. பட்டறையின் தகரப் பெட்டிகளை எல்லாம், பகைவர் கோட்டையைத் துழாவும் படைத்தலைவனைப் போலத் துழாவி, வேறேதோ பெரிய எஞ்சினுக்குரிய, எமனின் பாசக்கயிற்றைச் சுருட்டினாற்போன்ற பன்னிரண்டு ஸ்பிரிங்குகளைக் கண்டெடுத்தான். அமுக்கினான். நகம் கன்றியது. நெஞ்சு நிறைந்தது.

“பாய், இதான்!”

“அப்பு, இது பூட்டு இல்ல. திருடனுக்குப் பயந்தா வால்வ மூடுறோம்? இத மாட்டுனா தண்டு தேயும், தள்ளுற கம்பி வளையும்.”

“அமுங்குற ஸ்பிரிங்க எங்கப்பா கையால தொடமாட்டாரு.”

“ஒங்கப்பா லாரி ஓட்டுனாரா?”

வீரனோ ஸ்பிரிங் ஒன்றை வீட்டுக்கு எடுத்துச் சென்று, இரவு உணவுக்கு முன்னும் பின்னும் அமுக்கிப் பார்த்தான். அவன் மனைவி அமலோற்பவம் அடுக்களையிலிருந்து அருளினாள்:

“அந்தப் பாய் இம்புட்டுச் சொல்றாரு, கேக்க மாட்டீகளா? நாளைக்கு அந்த மனுசன் வந்து நம்ம வீட்டுப் பூட்டுக்கு வால்வு ஸ்பிரிங்கு மாட்டுனா ஒத்துக்கிருவீகளா?”

ஞானம் மூன்று முறை கதவைத் தட்டிற்று. கதவில் நல்ல பூட்டு இருந்தது.

சனிக்கிழமை பாய் அந்த ஸ்பிரிங்குகளையே மாட்டினார். “வண்டி ஒன்னுது. நான் சொல்லிட்டேன், அம்புட்டுத்தான்” என்று மட்டும் மொழிந்து, பழைய கேம்ஷாஃப்டையும் பழைய ஸ்பிரிங்குகளையும் செய்தித்தாளில் சுற்றி, ‘மாணிக்கம், திரும்ப’ என்று சாக்குக்கட்டியால் எழுதி அலமாரியில் வைத்தார்.

ஜூன் 14. தடுப்பு திறந்தது. நீலத்தேர் பிளிறிற்று. முதல் வளைவு, இரண்டாம் வளைவு. இதோ, விதி வாய் பிளந்த மூன்றாம் வளைவு. மஞ்சள் லாரி வலப்புறம் ஒதுங்கி, சீறி, முக்கி, முனகி, புகையால் வானை மறைத்தும், நீல வண்டியின் பின்சக்கரத்தைத் தாண்ட முடியாமல் பின்தங்கிற்று! பாய் தேர்ந்த தண்டு தன் வேலையைச் செய்தது. நான்காம் வளைவில் சூசைமாணிக்கம் சன்னல் வழியே தலையை நீட்டினான். நாற்பது நாளாகக் காத்த நா திறந்தது:

“உடையப்பா! மேல போயி ஒனக்கு...”

டக், என்றது எஞ்சின். டக், டக், டடடக் என்றது. பாய் முன்னறிந்தபடியே கம்பிகள் இரண்டு வளைந்தன. ஐந்தாம் வளைவின் நட்டநடுவில், பாறைக்கும் பள்ளத்துக்கும் இடையே ஒரு சைக்கிளும் நுழையாதபடி, தேர் நின்றது. பின்னால் மஞ்சள் லாரி நின்றது. அதன் பின்னால் அரசுப் பேருந்து நின்றது. ஹாரன்கள் சங்குகளாய் முழங்கின. உடையப்பன் இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டி, மெல்ல நடந்து வந்து, திறந்து கிடந்த பானெட்டை எட்டிப் பார்த்தான்.

“என்னப்பு, இன்னைக்கு நீதான் முன்னால. அசையாம நிக்கிறே.”

பிறகு சட்டையைக் கழற்றி அவனே முதலில் தோள் கொடுத்தான். பேருந்துப் பயணிகளும் சேர்ந்து, பிரேக்கை விட்டுவிட்டுப் பிடித்து வண்டியைப் பின்னுக்கு இறக்கி, பாதையோரத்தில் ஒதுக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அன்று இருவர் தாரும் ஏலத்துக்குப் போகவில்லை.

இரண்டே நாளில் தேய்ந்துவிட்டிருந்த புதுத்தண்டைப் பாய் கழற்றி, அலமாரியிலிருந்த செய்தித்தாளைப் பிரித்தார்.

வியாழக்கிழமை சூசைமாணிக்கம் மேலே போய்ச் சேர்ந்தபோது டீ ஆறியிருந்தது.