பாத்ரூம் குழாய்க்கு நானே வாஷர் போட்டேன்

அன்னிக்கி எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. பாத்ரூம் குழாய்க்கு வாஷர் மாத்தணும்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துக்கினு இருந்த சமயம். கள்ளக்குறிச்சியச் சுத்தி ரோட்டுல மரத்த வெட்டிப் போட்டிருந்தாங்க. பஸ் இல்ல. கடையும் இல்ல. எங்களப் பாக்க வந்த மாமனாரு தியாகதுருகம் திரும்ப முடியாம எங்க வூட்லயே மாட்டிக்கினாரு.

கரண்டும் இல்லாததால மோட்டார் ஓடல, மாடியில டேங்க்ல இருக்கறதுதான் தண்ணி. குழாய் என்னமோ சொட்டிக்கினே இருந்துது.

"ஏங்க, இப்பிடியே வுட்டா நாளைக்கி சோறாக்கத் தண்ணி இருக்காது"ன்னா பொண்டாட்டி செல்வி.

"கடை இல்லன்னா இன்னா? நானே வாஷர் வெட்டிப் போடறேன்!"

ஸ்பேனர நான் அதுவரைக்கும் தேங்கா ஒடைக்கத்தான் எடுத்திருக்கேன்.

"மாப்ள, மொதல்ல டேங்க் வால்வ மூடுங்க"ன்னாரு மாமனாரு.

"மூடிட்டேன் மாமா!"

மூடினேன்தான். துருப்புடிச்ச வால்வு. மேல இருக்கற சக்கரம் சுத்துச்சே தவிர உள்ள ஒண்ணும் மூடல. குழாயக் கழட்டின அப்புறம்தான் அது தெரிஞ்சுது.

பீச்சி அடிச்சுது பாருங்க தண்ணி!

"ஐயோ! கைய வெச்சு அடைங்க மாமா!"

பாவம், வேட்டிய மடிச்சுக் கட்டிக்கினு ரெண்டு கையாலயும் அழுத்திப் புடிச்சாரு. வெரல் சந்துல பீறிக்கினு வந்து அவரு மூஞ்சியிலயே அடிச்சுது.

"சீக்கிரம் மாப்ள! கண்ணே தெரியல!"

ரப்பர் தேடி ஓடினேன். வாசல்ல ஒரு ரப்பர் செருப்பு. கெட்டியான குதிகால். யாருதுன்னு எவன் பாத்தான்? கத்தியால வட்டமா நோண்டி எடுத்தேன்.

திரும்பி வந்தா சத்தமே இல்ல.

டேங்க் காலி! மாமனாரு மட்டும் வுடாம பைப்பப் புடிச்சுக்கினு நின்னாரு.

வாஷரப் போட்டு இறுக்கினேன். ராத்திரிக்கி செல்வி பக்கத்து வூட்ல ஒரு கொடம் தண்ணி வாங்கித்தான் சோறாக்கினா. மொகத்துல சிரிப்பே இல்ல.

மறுநாள் கரண்டு வந்து டேங்க்ல தண்ணி ஏறுச்சு. குழாய்ல ஒரு சொட்டு ஒழுகல!

"பாத்தியா!"ன்னு நெஞ்ச நிமித்தினேன்.

அந்நேரம் பாத்து மாமனாரு பையோட வந்தாரு. "களத்துல மல்லாட்டயக் காயப் போட்டுட்டு வந்துட்டேன், கடலயெல்லாம் காக்கா தின்னுடும். நான் நடந்தே போயிடறேன்."

வாசலுக்குப் போனவரு நின்னுட்டாரு. எடது செருப்பத் தூக்கினாரு. ஓட்டை வழியா என்னப் பாத்தாரு.

"இது இன்னா மாப்ள?"

"வாஷருங்க மாமா."

ஓட்டச் செருப்போட எங்க நடக்கறது? பைய உள்ள வெச்சாரு. துண்டத் தோள்ல போட்டுக்கினு நேரா பாத்ரூம் போனாரு.

செருப்புக் கடை தொறக்கற வரைக்கும் காலையில ஒரு குளியல், சாயங்காலம் ஒரு குளியல். டேங்க்ல பாதி அதுலயே போச்சு. "தண்ணி இப்ப நல்லா வருது மாப்ள!"ன்னு உள்ளருந்து பாராட்டு வேற.

சொட்டற குழாய்க்கு அடியில பக்கெட்டாவது வெக்கலாம். குளிக்கிற மாமனாருக்கு அடியில இன்னாத்த வெக்கிறது?