இரண்டு வருஷத்தை எந்தத் தட்டில் வைப்பது

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கு,

உன் தம்பி வணங்கி எழுதுவது. உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மற்றதெல்லாம் கெட்டுக் கிடக்கிறது. நீ ஒரு நடை வந்து என் இரண்டு பெண்களையும் மறுபடி ஒருத்தியோடு ஒருத்தி பேச வைக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

என் மனைவி போய் மூன்று மாதம் ஆகிறது. அவள் சாமான்களைப் பெண்களுக்குச் சரிசமமாகப் பிரித்துக் கொடுத்துவிட்டால் என் கடமை முடிந்தது என்று நினைத்தேன். முப்பத்தோரு வருஷம் கடைக்காரர்களின் தராசைச் சோதித்து முத்திரை குத்தியவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? பழைய தராசைத் துடைத்துக் கூடத்தில் வைத்துப் பாத்திரங்களை நிறுத்தேன். சின்னவள் பக்கம் நாற்பது கிராம் கூடுதல், ஒரு கரண்டியை எடுத்துப் பெரியவள் பக்கம் போட்டேன், உடனே அந்தப் பக்கம் இறங்கிவிட்டது, கரண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு டீ வடிகட்டியைப் போட்டேன், முள் நடுவில் நின்றது, எனக்கு நானே சபாஷ் சொல்லிக்கொண்டேன். பெண்கள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள்.

கடைசியில் ஒரு போர்வை மிஞ்சியது. படுக்கையில் கிடந்த இரண்டு வருஷமும் அவள் போர்த்தியிருந்தாளே, அந்தப் பழுப்புப் போர்வை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கை நீட்டினார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? இஞ்ச் டேப் வைத்து அளந்து, சாக்பீஸால் கோடு போட்டு, கத்தரிக்கோலால் நடுவில் வெட்டினேன். ஆளுக்கு ஒரு மீட்டர் பன்னிரண்டு சென்டிமீட்டர். ஒரு நூல் கூடக்குறைய இல்லை அக்கா!

“அப்பா, உங்களுக்கென்ன பைத்தியமா?” என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

அப்புறம் சண்டை பிடித்துக்கொண்டது. “சரிசமமாம்! ரெண்டு வருஷம் அம்மாவைத் தூக்கி உக்கார வெச்சது யாரு? குளிப்பாட்டினது யாரு? என் இடுப்பு போச்சு, பாத்துட்டிருந்த வேலை போச்சு. இவ எங்கயோ தூரத்துல இருந்து வாரத்துக்கு ஒரு போன் பண்ணினா. ரெண்டு பேருக்கும் ஒரே பங்கா?” என்றாள் சின்னவள்.

பெரியவள் அழுதாள். “உனக்கு ரெண்டு வருஷம் அம்மா கிடைச்சாடி. எனக்கு என்ன கிடைச்சுது? போன்ல இருமல் சத்தம். கடைசி நாள்கூட நான் விமானத்துல உக்காந்திருந்தேன். குறைஞ்சு போனது எனக்குத்தான்.”

எனக்குத் தலை சுற்றிவிட்டது. அதே இரண்டு வருஷம்தானே அக்கா? நான் கொடுத்தேன் என்கிறாள் ஒருத்தி, நீ வாங்கிக்கொண்டாய் என்கிறாள் மற்றவள். அதை எந்தத் தட்டில் வைப்பேன், எந்த எடைக்கல்லைப் போடுவேன்? என் சர்வீஸில் இப்படி ஒரு சரக்கைப் பார்த்ததே இல்லை. எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ஆறு வாரமாகப் பேச்சு இல்லை. என்னிடம் தனித்தனியாகப் பேசுகிறார்கள், “அவ எப்படி இருக்கா?” என்று ஒருத்தியாவது கேட்க வேண்டுமே! அம்மாவும் போய், கூடப்பிறந்தவளும் இல்லையென்றால், எனக்கப்புறம் அவர்களுக்கு யார் இருக்கிறார்கள்?

நீ வந்து நியாயம் சொல். நான் ஒரு பக்கமும் சாயாதவன், நாற்பது வருஷமாக இரண்டையும் ஒரே மாதிரி வளர்த்தவன் என்பது உனக்குத் தெரியும். அதையாவது அவர்களுக்கு எடுத்துச் சொல்.

அத்தானுக்கு என் வணக்கம். உன் பிள்ளைகள் ஒற்றுமையாக இருக்க என் ஆசி.

இப்படிக்கு,
உன் தம்பி

பின்குறிப்பு: வர வேண்டாம் அக்கா, சரிசெய்ய வேண்டியவன் நான்தான். உறையை ஒட்டப் போகும்போது கூடத்தில் போன் அடித்தது. ஓடிப்போய் எடுத்து, “சொல்லுடா சின்னக்குட்டி” என்றேன். “சின்னவ இல்லப்பா, நான்தான்” என்றாள் பெரியவள், ஏதோ தப்பு செய்துவிட்டவள் மாதிரி. யோசித்துப் பார்க்கிறேன், வருஷக்கணக்காக அவள் ‘சின்னவ இல்லப்பா’ என்றுதான் பேச்சைத் தொடங்குகிறாள். சாயாதவன் என்று மேலே எழுதியிருக்கிறேனே, அந்த வரியை நீயே பேனாவால் அடித்துவிடு. எனக்குக் கை வரவில்லை.