நியூசிலாந்து வக்கீலும் சீசன் தகப்பனும்

இந்த நாட்டுச் சட்டத்தின் மேல் துளியும் நம்பிக்கை இல்லாமல், இந்த நாட்டுக் கோர்ட்டிலேயே பிழைப்பு நடத்தும் ஒரே வக்கீல் எங்கள் நியூசிலாந்துதான். அவருக்கென்று ஒரு நிஜப் பெயர் வக்காலத்துத் தாளில் இருக்கும். மற்றபடி டீக்கடைக்காரர் முதல் டவாலி வரை எல்லோருக்கும் அவர் நியூசிலாந்து. "நியூசிலாந்துக்கு ஒரு டீ, சீனி கம்மி" என்று குரல் கேட்டால், வெளியூர்க்காரர்கள் ஏதோ ஏற்றுமதி ஆர்டர் என்று நினைத்துக்கொள்வார்கள்.

விருதுநகரில் கோர்ட்டுக்கு எதிரே டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் நான். அவரால் அதிகம் அவதிப்பட்டவனும் நானே. குடும்ப வழக்குகள் மட்டும்தான் எடுப்பார். கட்சிக்காரர் ஆமத்தூரோ சாத்தூரோ, மனுவோடு நியூசிலாந்துத் தீர்ப்பு ஒன்று நாற்பது பக்கத்துக்கு நீளும். நம் ஊர்த் தீர்ப்பு கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தாலும் தொடமாட்டார்.

"சார், வெளிநாட்டுத் தீர்ப்பு இங்கன செல்லுமா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கட்டுப்படுத்தாது. ஆனா காதுல போட்டு வைக்கலாம்லா? ஜட்ஜம்மா காதுல விழுந்தா போதும்ய்யா."

விழுந்தது, ஒருமுறை வசமாக. விடுமுறையில் பிள்ளையைத் தன்னோடு வைத்துக்கொள்ள ஒரு தகப்பன் மனு போட்டார். நம்மவர் அந்த ஊர்த் தீர்ப்பில் இருந்த அட்டவணையை அப்படியே இறக்கிவிட்டார். "கோடை விடுமுறையான டிசம்பர், ஜனவரி மாதங்களில்" என்று நானும் கேள்வி கேட்காமல் தட்டிவிட்டேன்.

"என்ன சார், டிசம்பர்ல கோடையா?" என்றார் நீதிபதி அம்மா.

"அங்கன அப்படித்தாம்மா."

"இங்க?"

"இங்கன பன்னெண்டு மாசமும் கோடைதானம்மா."

நீதிபதியே சிரித்துவிட்டார். மனு திரும்பி வந்தது. பழி என் டைப்பிங் மேல் விழுந்தது.

அவரிடம் இன்னொரு கிறுக்கும் உண்டு. தினமும் காலை எட்டரைக்கு நான் ஷட்டரைத் தூக்கும்போது வந்து நிற்பார். கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். "ஸ்கூல் விட்டுட்டாக" என்பார். எதிரே யூனிபார்ம் போட்ட பிள்ளைகள் அப்போதுதான் ஆட்டோவில் பிதுங்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருக்கும். மனிதருக்கு நட்டு கழன்றுவிட்டது என்று முடிவுகட்டி, நானும் "ஆமா சார், விட்டுட்டாக" என்று தலையாட்டி வைப்பேன்.

அப்படி இருக்கையில்தான் காளிராஜ் வந்தார். சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். மனைவி பிரிந்து சாத்தூரில் இருந்தார். ஏழு வயது மகளை மாதம் ஒரு சனிக்கிழமை, கோர்ட்டில் ஓர் அறையில் இரண்டு மணி நேரம் பார்க்கலாம் என்று உத்தரவு இருந்தது. தீபாவளிக்கு முந்தின மாதங்களில் பட்டாசுக் கம்பெனிப் போர்மேனுக்குச் சனியும் இல்லை, ஞாயிறும் இல்லை. லோடு போயாக வேண்டும். மூன்று மாதம் தொடர்ந்து வரவில்லை. பிள்ளை அந்த அறையில் மூன்று முறை காத்திருந்து அழுதுகொண்டு திரும்பியது. இனி இந்தச் சந்திப்பே வேண்டாம், ரத்து செய்யுங்கள் என்று மனைவி மனுப் போட்டுவிட்டார். அவர் கோபத்தில் தப்பே சொல்ல முடியாது.

"வேலைய விட்டா சோத்துக்கு வழியில்ல. வேலைக்குப் போனா பிள்ளை இல்லைங்காக. நான் என்னதான் சார் செய்ய?" என்று என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து காளிராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நியூசிலாந்து இரண்டு நாள் காணாமல் போய், ஒரு தீர்ப்போடு வந்தார். செம்மறி ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கும் ஒரு தகப்பன். சீசன் வந்தால் பண்ணை பண்ணையாகப் போய்விடுவானாம், பிள்ளையைப் பார்க்க வரமாட்டானாம். அங்கே கோர்ட் என்ன செய்தது என்று அறுபது பக்கம்.

கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். "அம்மா, எங்க கட்சிக்காரி இருக்கது சாத்தூர்ல. அங்கன ஆடுன்னா பிரியாணிக்குத்தான்."

சிரிப்பு அடங்கும்வரை நம்மவர் நின்றார். "அம்மா, ஆட்ட விடுங்க. சீசன் பாக்கிற தகப்பன் வேற, பிள்ளைய வேண்டாம்னு விட்ட தகப்பன் வேற. சீசன்ல விட்டத, சீசன் முடிஞ்சு சேத்துக் குடுங்கன்னு அங்கன சொல்லிருக்காக. தீபாவளி முடிஞ்சா கம்பெனி பூட்டிக் கெடக்கும். இவரு சும்மாதான் இருப்பாரு."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "சிவகாசி சீசன் எனக்குத் தெரியாதா? இதைச் சொல்ல நியூசிலாந்து வரைக்கும் போகணுமா சார்?"

"போக முடிஞ்சா நான் ஏம்மா இங்கன நிக்கேன்" என்றார் அவர்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார்.

உத்தரவு வந்தது. சீசனில் ஞாயிறுதோறும் வீடியோ கால். கம்பெனி அடைத்திருக்கும் நாட்களில் வெள்ளி மாலை முதல் ஞாயிறு மாலை வரை பிள்ளை தகப்பனிடம். வெளிநாட்டுத் தீர்ப்பு இந்த நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது என்றும் மறக்காமல் ஒரு வரி. அதை ஜெராக்ஸ் எடுக்க வந்த நியூசிலாந்திடம், போக முடிந்தால் இங்கே ஏன் நிற்கிறேன் என்று கோர்ட்டில் ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"எம்மக அங்கனதான்யா இருக்கா. அவுக அம்மா கூட. போயி அஞ்சு வருசம் ஆச்சு. எனக்கும் அங்கன ஒரு தீர்ப்பு இருக்கு, வாரத்துக்கு ஒரு போனு. அவளுக்குத் தமிழ் மறந்துபோச்சு. அவ பேசுற இங்கிலீஷ் எனக்குப் பிடிபடல. அதான் அந்த ஊர்த் தீர்ப்பா எடுத்துப் படிக்கேன். மழை, ஸ்கூலு, பஸ்ஸு எல்லாம் அதுல வருதுல்லா? எவனோ ஒரு தகப்பன் ஜெயிச்சிருந்தா, அன்னைக்கு நல்லா தூங்குவேன்."

கடிகாரத்தைத் திருப்பிக் காட்டினார். அது நம் ஊர் நேரத்தில் ஓடவே இல்லை. நமக்குக் காலை எட்டரை என்றால் அங்கே பிற்பகல் மூன்று. இத்தனை நாளும் நான் கேலியாகத் தலையாட்டியது நினைவுக்கு வந்து எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

தீபாவளி முடிந்து ஒரு சனிக்கிழமை, காளிராஜ் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். பிள்ளை நியூசிலாந்திடம் ஒரு கம்பி மத்தாப்புப் பெட்டியை நீட்டியது. அவர் அதைப் பிரிக்கவில்லை. கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். விமானத்தில் இதை ஏற்றமாட்டார்கள் என்பது வக்கீலுக்குத் தெரியாமல் இருக்காது. இன்றுவரை அது அந்தப் பையில்தான் இருக்கிறது.

இப்போதெல்லாம் முதலில் நான்தான் கேட்கிறேன். "ஸ்கூல் விட்டாச்சா சார்?"

"விட்டாச்சுய்யா. இன்னைக்கு அங்கன மழை."

காய்ச்சல், பஸ் தாமதம் என்று அவர் வராத காலைகளும் உண்டு. அன்றைக்கும் எட்டரை ஆனதும் நான் ஷட்டரைப் பிடித்தபடி ஒரு நிமிடம் நிற்கிறேன். நான் பார்த்தே இராத அந்தப் பிள்ளை நனையாமல் வீடு போய்ச் சேர வேண்டும்.