பின்னால் ஆளில்லாத மூன்று நாள்

என் மனைவி சந்திரிகாவை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது ஜனவரியில் ஒரு புதன்கிழமை காலை. சுங்கைப் பட்டாணி ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனார்கள். பித்தப்பையில் கல். தலையில் பச்சைத் துணித் தொப்பி. அதைப் பார்த்தால் கையுறைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறவள் மாதிரியே இருந்தாள். முப்பது வருஷம் அப்படித்தான் போனாள்.

"ஏங்க, பிப்ரவரி பதிமூணு வெள்ளிக்கிழமைதானே?"

"ஆமா."

"மறந்துடாதீங்க. நான்தான் முன்னாடி."

கதவு மூடிக்கொண்டது.

என்ன முன்னாடி என்று சொல்ல வேண்டுமானால் நான் போட்ட திட்டத்திலிருந்து தொடங்க வேண்டும். அது கெட்டிக்காரத்தனமான திட்டம். அப்படிப்பட்ட திட்டங்கள் எங்கள் வீட்டில் மூன்று நாளைக்கு மேல் தாங்குவதில்லை.

போன அக்டோபரில் எனக்கு அறுபத்தொன்று முடிந்தது. வீடு செமிலிங்கில். அன்று கோப்பிக்கடையில் மனோகரனிடம் ஒரு தீர்மானத்தை அறிவித்தேன். மனோகரன் என்னோடு செம்பனை எண்ணெய் ஆலைப் பட்டறையில் வேலை பார்த்தவன். என்னைவிட நான்கு வயது இளையவன்.

"தம்பி, நாப்பது வருஷமா மோட்டார் சைக்கிள் ஓட்டுறேன். ஒரு நாளாச்சும் பின்னாடி ஆள் இல்லாம ஓட்டியிருக்கேனா?"

மனோகரன் யோசித்தான். "கேஸ் சிலிண்டரை ஆளுன்னு சேக்கணுமா அண்ணே?"

"சேத்துக்க."

"அப்ப இல்ல."

என் பின்சீட் காலியாக இருந்ததே கிடையாது. சந்திரிகா, பிள்ளைகள், அரிசி மூட்டை, மாமியார். ஒருமுறை கோயில் பூசாரியும் அவர் மடியில் ஓர் ஆடும். ஆடுதான் கொஞ்சம் அசையாமல் வந்தது. முட்டி இரண்டும் முழுசாக மக்கர் பண்ணுவதற்கு முன்னால் ஒரு மூன்று நாள், முதுகுக்குப் பின்னால் யாரும் இல்லாமல், 'மெதுவா', 'மெதுவா' என்று விலாவில் யாரும் குத்தாமல் ஓட்ட வேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை.

தாய்லாந்து என்று முடிவு செய்தோம். வேன் பிடித்து ஹாட்யாய். அங்கே ஆளுக்கொரு மோட்டார் வாடகைக்கு. சொங்க்லா கடற்கரை, அப்புறம் ஏரி ஓரமாகவே பத்தலுங், திரும்ப ஹாட்யாய். வரைபடத்தை மடித்து மடித்து நான்காகக் கிழித்துவிட்டோம்.

சொந்த மோட்டாரிலேயே போகலாமே என்று கேட்பீர்கள். எங்கள் மோட்டாரின் கெரான், அதாவது உரிமைப் பத்திரம், சந்திரிகா பெயரில் இருந்தது. எல்லை தாண்ட வேண்டுமானால் உரிமையாளர் கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும். அவளிடம் அந்தக் கையெழுத்தைக் கேட்பதற்குப் பதிலாக, பீடோங் சந்தையில் ஒலிபெருக்கி வைத்து விஷயத்தைச் சொல்லிவிடலாம். ஆகவே வாடகை. மனோகரனின் போனிலேயே கடைக்குப் படிவம் நிரப்பி அனுப்பினேன். பெயர், வயது, போன் நம்பர். இரண்டு வண்டி, மூன்று நாள், வருகிற வெள்ளி.

மிச்சமிருந்தது, வீட்டில் என்ன சொல்வது என்பதுதான்.

"கல்யாணம்னு சொல்லுவோமா அண்ணே?"

"சேலை எடுத்துக்கிட்டு முன்னாடி நிப்பா."

"கோயில்?"

"தேங்காய் எடுத்துக்கிட்டு நிப்பா."

"அப்ப கருமாதி" என்றான் மனோகரன். "ஜித்ராவுல எங்க பெரியப்பா இருக்காரு, பரஞ்சோதி. வயசு எண்பத்தி நாலு. எப்படியும் போகப்போறவருதானே லா."

அப்படித்தான் அந்த நல்ல மனிதரை நாங்கள் ஆளுக்கொரு கோப்பியில் கொன்றோம்.

செவ்வாய்க்கிழமை காலை சந்திரிகாவிடம் சொன்னேன். அவள் முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"மனோகரனோட பெரியப்பா தவறிட்டாரு. பரஞ்சோதி. ஜித்ராவுல."

"அடப்பாவமே! எப்போ?"

"வெள்ளிக்கிழமை."

"போன வெள்ளியா?"

"இல்ல, வர்ற..." என்று வாய்க்குள் வந்ததை விழுங்கினேன். "கருமாதி வர்ற வெள்ளிக்கிழமை."

"அப்ப செத்து ரெண்டு வாரம் ஆகப்போகுது. இன்னைக்குத்தான் சொல்றீங்களா?"

"மனசு கேக்கல சந்திரிகா. சொல்ல வாய் வரல."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். வாயில் இருந்த கிளிப்பை எடுத்து என் சட்டையின் கழுத்தில் மாட்டினாள். கொடியில் கிடந்த சட்டையில்தான்.

"நானும் வரேன்."

"ஆத்தங்கரைச் சடங்கு. ஆம்பளைங்க மட்டும்தான்."

"மூணு நாளு ஆத்தங்கரையிலேயேவா நிப்பீங்க?"

"தூரத்து ஊரு."

"ஜித்ரா!" என்றாள். பிறகு பெருமூச்சு விட்டாள். "சரி, போயிட்டு வாங்க. ஆனா துக்கம்னா துக்கமா இருக்கணும். இன்னையிலேருந்து கவிச்சி கிடையாது. சவரம் பண்ணக்கூடாது. பாயில படுங்க."

"நமக்கு என்னா உறவு? மனோகரனுக்குத்தானே..."

"சொல்ல வாய் வராத அளவுக்கு மனசு ஒடைஞ்சு போயிருக்கீங்க. அதுக்கு மேல என்னா உறவு வேணும்?"

நான் பரஞ்சோதிக்குத் துக்கம் காத்தேன். செவ்வாய் பருப்பு. புதன் பருப்பும் அவரைக்காயும். புதன்கிழமை மத்தியானம் அவள் தஞ்சோங் டாவாய் இறாலை மிளகாய் போட்டுப் பிரட்டி, எனக்கு எதிரே உட்கார்ந்து, ஒவ்வொன்றாக உரித்துத் தின்றாள். ஓடுகளை என் தட்டுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்தாள்.

"நல்லா இருக்கா?" என்றேன்.

"துக்க வீட்டுல அதெல்லாம் கேக்கக்கூடாது."

சாயங்காலம் கோப்பிக்கடைக்குப் போனால் மனோகரன் வழவழவென்று சவரம் செய்த முகத்தோடு, குச்சியில் சுட்ட கோழி சாத்தே தின்றுகொண்டிருந்தான்.

"செத்தது உன் பெரியப்பாடா."

"ஆமாண்ணே" என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமை காலை பருப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். தாடி அரித்தது.

"ஏங்க, பரஞ்சோதி ஐயா போன் பண்ணாரு."

"எந்தப் பரஞ்சோதி?"

"செத்துப்போனவரு. நல்லா இருக்காராம். உங்களைக் கேட்டாரு."

அவள் தன் போனை மேசையில் வைத்தாள். அதில் இரண்டு மோட்டார்களின் படம். கீழே மலாயில், 'திரு. சுகுமாரன், உங்கள் வண்டிகள் தயார்.'

எங்கள் வீட்டில் மின்சாரக் கணக்கு, பள்ளிக்கூட விண்ணப்பம், மோட்டார், எல்லாவற்றிலும் இருப்பது அவள் நம்பர்தான். இருபது வருஷமாக எந்தப் படிவத்தைக் கொடுத்தாலும் என் கை அந்த நம்பரைத்தான் எழுதும். அவளுக்குத் தெரியாமல் ஓடிப்போகிற படிவத்திலும் அதையே எழுதியிருந்தது.

"எப்போ வந்துச்சு இது?"

"திங்கக்கிழமை. மனோகரன் தம்பிக்கு உடனே போன் அடிச்சேன். ஒரு வார்த்தைதான் கேட்டேன். பூராத்தையும் சொல்லிடுச்சு. பாவம், அழுதுடுச்சு."

"அப்ப செவ்வாக்கிழமை உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"இந்தத் தாடி?"

"உங்களுக்கு நல்லாத்தான் இருக்கு."

நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். பின்னால் ஆள் இல்லாமல் மூன்று நாள் ஓட்ட வேண்டும், அவ்வளவுதான் என்றேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழுதால் சமாளித்திருப்பேன்.

"உங்களுக்காச்சும் ரோடு தெரிஞ்சுச்சு" என்றாள். "நாப்பது வருஷமா நான் பாத்ததெல்லாம் உங்க முதுகு. பினாங்குப் பாலம் கூட உங்க சட்டைக் கலராத்தான் எனக்கு ஞாபகம் இருக்கு."

நான் பருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உங்க ஆசைப்படியே போவோம். உங்க பின்னாடி யாரும் ஏறமாட்டாங்க. மனோகரன் தம்பி வரல. அந்த ரெண்டாவது வண்டி எனக்கு. நான் முன்னாடி போவேன், நீங்க பின்னாடி வருவீங்க."

"உனக்கு ஓட்டத் தெரியாதே!"

"ரெண்டு மாசமா ஷாமளாவோட கிளாசுக்குப் போறேன். யோகா யோகான்னு சொன்னேனே, எங்க போறேன்னு நெனைச்சீங்க?"

ஷாமளா பக்கத்து வீடு. யோகாவுக்கு எதற்கு முழுக்கைச் சட்டை என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

"லைசன்ஸ் டிசம்பர்லதான் கெடைக்கும். அதனால கடைக்காரம்மாகிட்ட பேசி தேதியைப் பிப்ரவரிக்கு மாத்திட்டேன்."

"எப்போ மாத்துன?"

"திங்கக்கிழமையே."

இல்லாத பயணத்துக்காக, சாகாத மனிதருக்கு, மூன்று நாள் துக்கம் காத்திருக்கிறேன்.

டிசம்பரில் அவள் முதல் தடவையிலேயே தேர்வில் தேறினாள். நான் அந்தக் காலத்தில் மூன்றாவது தடவை. பழக வேண்டும் என்று எங்கள் மோட்டாரைத் தஞ்சோங் டாவாய் வரைக்கும் எடுத்தாள். வீட்டில் இருப்பது ஒரே மோட்டார். நான் பின்னால் உட்கார்ந்தேன். அவள் வேகம் முப்பது. ஒரு சீனக் கிழவர் சைக்கிளில் எங்களைத் தாண்டிப்போய்த் திரும்பிச் சிரித்தார். "ஆடாம உக்காருங்க" என்றாள். வழி நெடுக எனக்கு அவள் முதுகைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. நீலத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட சட்டை.

ஜனவரியில் வயிற்றுவலி வந்தது. அந்தப் புதன்கிழமை ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. சாயங்காலம் கண்விழிப்பதற்கு முன்னாலேயே இதயம் நின்றுவிட்டது. வைத்தியர்கள் ஒரு மணிநேரம் போராடினார்கள். குறை சொல்ல ஆள் இல்லை.

சாவுக்கு ஜித்ராவிலிருந்து பரஞ்சோதி ஐயா பஸ் ஏறி வந்தார். கையில் மாலை. நான் அவர் காலைத் தொடப் போனேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "நான் போயிருக்கணும்பா" என்றார். எங்கள் கதை அவருக்குத் தெரியுமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மனோகரன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். மறுபடியும் பருப்பு, மறுபடியும் பாய். இந்த முறை என்னை எதிரே உட்கார்ந்து கண்காணிக்க யாரும் இல்லை. ஒரு நாள்கூட நான் மீறவில்லை.

கருமாதி முடிந்த அடுத்த வாரம் மகள் ரூபினி போனை நீட்டினாள்.

"அப்பா, ஹாட்யாய் கடையிலேருந்து. வண்டி ரெடியான்னு அம்மா கேட்டிருக்காங்க, அதுக்குப் பதில் இப்ப வந்திருக்கு."

"கேன்சல் பண்ணிடும்மா."

"அம்மா புக் பண்ணதை நான் கேன்சல் பண்ணமாட்டேன். போயிட்டு வாங்க."

அவள் பெற்ற பெண்தானே. போனேன்.

கடை வாசலில் இரண்டு மோட்டார் கழுவித் துடைத்து நின்றன. கடைக்காரம்மா சயாமிய ராகத்தில் மலாய் பேசினாள். அக்கா எங்கே என்று கேட்டாள். நிறையக் கேள்வி கேட்பவர், முன்னால் போகிறவருக்கு எது நல்ல வண்டி என்று கேட்டுச் சிவப்பை எடுத்து வைக்கச் சொன்னார் என்றாள்.

"வரவில்லை" என்றேன். மலாயில் எனக்கு அதற்கு மேல் வரவில்லை. தமிழிலும் வந்திருக்காது.

கறுப்பு வண்டியை எடுத்துக்கொண்டேன். சிவப்பு அங்கேயே நின்றது.

சொங்க்லாவில் கடல் இருந்தது. ஏரி ஓரத்தில் எருமைகள் தண்ணீருக்குள் நின்று மேய்ந்தன. ரோடு நேராக, நீளமாக, காலியாகக் கிடந்தது. யாரும் விலாவில் குத்தவில்லை. நான் முப்பதிலேயே ஓட்டினேன். பத்தலுங் போகும் வழியில் இரண்டு இடத்தில், எனக்கு முன்னால் யாரோ போகட்டும் என்பதுபோல ஓரம் கட்டி நின்றேன். ஒரு லாரி போயிற்று. அப்புறம் ஒன்றும் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வண்டியைத் திருப்பிக் கொடுத்தேன். மூன்று நாள், முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், பின்னால் ஆள் இல்லை. நினைத்ததை நினைத்தபடியே முடித்துவிட்டேன்.

கடைக்காரம்மா ஈரத்துணியோடு வந்தாள். சீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சீட் முழுக்க உங்களுக்குத்தானே, ஏன் இவ்வளவு நெருக்கி முன்னாலேயே உட்கார்ந்து ஓட்டினீர்கள் என்று கேட்டாள்.

குனிந்து பார்த்தேன். முன்பாதி பளபளவென்று இருந்தது. பின்பாதியில் மூன்று நாள் தூசி.