எந்தச் சங்கு?

கற்றவனுக்கு வரும் அவமானங்களில் பெரும்பாலானவை அவன் சொந்தக் கையெழுத்திலேயே வருகின்றன. எனக்கு வந்தது நானே தீட்டிய ஒரு சித்திரத்தில்.

ஐம்பதுகளின் இறுதியில் கோயமுத்தூரில் ஓர் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் குழந்தை உளவியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். எம்.ஏ., எல்.டி. (எங்கள் வீட்டுப் பலகையில் இவை என் பெயரைவிடப் பெரிய எழுத்தில் இருந்தன.) பிறர் வீட்டுக் குழந்தைகளை எப்படிப் பழக்குவது என்று விரிவுரை நிகழ்த்தியவனால், ஆர்.எஸ்.புரத்துத் தன் வீட்டில் நாலரை வயது மகள் வள்ளியை எழுப்ப முடியவில்லை. அவளைப் பல் துலக்க வைத்து, குளிப்பாட்டி, சடை பின்னிப் பள்ளிக்கு அனுப்புவதற்குள் என் மனைவி ருக்மணியின் தொண்டை கம்மிவிடும்.

எழுத்தறியாக் குழந்தைக்குச் சொன்னது மறக்கும், வரிசையாகக் கண்ட படம் மறக்காது என்பது என் கொள்கை. காலைக் கடமைகளை ஓர் அட்டையில் ஆறு படங்களாக வரைந்தேன். நேரில் பார்த்துத் திருப்தியடைந்தால் சென்னை ஆசிரியர் மாநாட்டில் கட்டுரை வாசிக்க அனுப்புவதாகக் கல்லூரி முதல்வர் வாக்களித்தார். அன்றே கோட்டுத் தைக்கக் கொடுத்துவிட்டேன். அட்டையை மகளிடம் காட்டி ஒத்திகை பார்க்கவில்லை. கொள்கைக்கு ஒத்திகை எதற்கு?

முதல் படம், கண் விழிப்பது. எங்கள் பகுதியில் பொழுது விடிவது மில் சங்கு ஊதும்போதுதான். ஆகவே ஒரு சங்கு வரைந்தேன். வலம்புரி, நிழல்கூடத் தீட்டியிருந்தேன்.

திங்கட்கிழமை காலை முதல்வர் கூடத்து நாற்காலியில் வந்தமர்ந்தார். மில் சங்கு ஊதியது. நான் பிரம்பால் படத்தைச் சுட்டி, "வள்ளி, இது என்ன?" என்றேன்.

கட்டிலில் எழுந்து உட்கார்ந்தவள் படத்தைப் பார்த்தாள். இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் புகுந்தாள்.

"வேண்டாங்கப்பா! வவுறு நல்லா இருக்குதுங்க! சங்கு வேண்டாங்கப்பா!"

மாதமொருமுறை அவளை மடியில் கிடத்தி விளக்கெண்ணெய் புகட்டும் மூக்குக் கிண்ணத்துக்கும் சங்கு என்றே பெயர். (என்னைத் தவிர வீட்டில் அனைவருக்கும் இது நினைவிருந்தது.)

முதல்வர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அட்டையை நெருங்கினார். "நானும் கேக்கோணும்னு இருந்தனுங்க. விடிஞ்சதும் விடியாததுமா சங்கப் போட்டிருக்கீங்களே, ஊட்டுல யாராச்சும் தவறிட்டாங்களோன்னு பயந்துபோட்டேன்."

"இது மில் சங்குங்க ஐயா."

"மில்லுக்கு ஏனுங்க வலம்புரி?"

நான் கட்டிலுக்கடியில் குனிந்து மகளுக்கு விளக்கத் தொடங்கினேன். என் கையிலிருந்த பிரம்பைக் கண்டு அழுகை இரட்டித்தது. கோட்டும் மாநாடும் கண்ணெதிரே கரைந்தன.

சமையலறையிலிருந்து ருக்மணி ஒரு கரித்துண்டோடு வந்து தரையில் உட்கார்ந்தாள். "ஏனுங்க, மொதல்ல அந்தக் குச்சியக் கீழ போடுங்க. அம்மணி, இப்ப ஊதுச்சே, அது எங்கிருந்து கண்ணு வருது?"

"மில்லு பொகக்கூண்டுல இருந்து."

"அப்பாவுக்கு அது போடத் தெரியல. நீ போட்டுக் குடு பாக்கலாம்."

வள்ளி வெளியே வந்தாள். என் வலம்புரியின் மேலேயே நெட்டையாக ஒரு கோடும், உச்சியில் சுருள் சுருளாகப் புகையும் இழுத்தாள். மற்ற ஐந்து படங்களையும் ஈவிரக்கமின்றித் திருத்தினாள். திருத்திய வரிசையிலேயே பல் துலக்கி, குளித்து, பின்னிய சடையோடு பையை எடுத்துக்கொண்டு நின்றாள்.

"முறை நல்லா இருக்குதுங்க," என்றார் முதல்வர். "கட்டுரைய உங்க ஊட்டு அம்மணியவே வாசிக்கச் சொல்லுங்க."

"அவள் படித்தது அஞ்சாவதுதானுங்க ஐயா."

"அதனாலதானுங்க சொல்றேன்."

சென்னைக்கு நான்தான் போனேன். தான் வரைந்த படத்துக்கே குழந்தை கீழ்ப்படியும் என்பதையும், அதைக் கண்டறிந்தவர் என் மனைவி என்பதையும் மேடையில் சொன்னேன். நான் வாசித்த கட்டுரைகளுள் கைதட்டல் பெற்றது அது ஒன்றே. இன்று வள்ளி தலைமையாசிரியையாக இருக்கும் பள்ளியில், சிறு வகுப்புச் சுவர்களிலெல்லாம் பிள்ளைகளே கிறுக்கிய காலைப் படங்கள் தொங்குகின்றன.

வீட்டில் நான் எதையேனும் விரிவாக விளக்கத் தொடங்கினால் ருக்மணி தலை நிமிராமல் கேட்பாள்: "எந்தச் சங்குங்க?" அதன்பின் நான் விளக்கத்தை முடித்ததே இல்லை.

சென்ற தையில் எங்கள் வாசலில் சங்கு ஊதினார்கள். எந்தச் சங்கு என்று கேட்க வேண்டியவள் கேட்கவில்லை.

சில நாட்களுக்குப் பின், வெயில் ஏறியும் நான் எழாதிருந்த ஒரு காலையில் வள்ளி வந்து கதவருகே நின்றாள்.

"ஏனுங்கப்பா, எந்தச் சங்குக்குக் காத்துட்டிருக்கீங்க?"

எழுந்து போய்ப் பல் துலக்கினேன்.