நான் கடலை ஏரியாக்கிய கதை

எங்கள் ஊர் அத்திராவ், கடல்மட்டத்துக்கு இருபது மீட்டர் கீழே இருக்கிறது. நம்ப முடியவில்லையா? நிஜம். பள்ளிப் புத்தகத்திலேயே போட்டிருக்கிறார்கள். அந்த ஊரில், எங்கள் வீட்டில், என் மட்டம் இன்னும் கொஞ்சம் கீழே. அதை எந்தப் புத்தகத்திலும் போடவில்லை. ஆனால் அடுக்குமாடி முழுக்கத் தெரியும்.

என் பெயர் மெந்திகாலி. மனைவி பெயர் பல்ஜியா. எங்கள் கஜாக் மொழியில் 'பல்' என்றால் தேன். தமிழ்க் காதுக்கு என்ன கேட்கிறதோ, அதுதான் எனக்கு வாய்த்தது. என் பெயரின் பின்பாதியையும் நீங்களே ஒருமுறை வாசித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

போன செப்டம்பரில், ஒரு புதன்கிழமை, பேருந்துப் பணிமனையில் வண்டிகளுக்கு நேரம் குறித்துக்கொண்டிருந்தபோது ஒரு வீர சபதம் செய்தேன். வருகிற சனிக்கிழமை என் மச்சான் ஜினொல்லா வீட்டுக்கு வேலை செய்யப் போகமாட்டேன். கடலுக்குப் போவேன். கீழ்வீட்டுக் குஸ்பானின் படகில் உட்கார்ந்து கெண்டை பிடிப்பேன்.

ஜினொல்லா என் மனைவியின் அண்ணன். மே மாதம் அவர் வேலிக்கு நான் கம்பு நட்டேன். ஜூனில் அவர் அடுப்புக்குப் புகைபோக்கி கட்டினேன். ஜூலையில் கிணறு. ஆகஸ்டில் மாட்டுக்கொட்டகை. அவருக்கு இடுப்பு வலி. அந்த வலி சனிக்கிழமை காலை வரும். மாலையில் ஏதாவது கல்யாண வீட்டில் தோம்ப்ராவை மீட்டினால் போய்விடும். அப்புறம் அந்த இடுப்பு ஆடுகிற ஆட்டத்தை நீங்கள் பார்க்க வேண்டும்.

புதன்கிழமை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பல்ஜியா தேநீர் ஊற்றினாள். எங்கள் ஊரில் கிண்ணத்தைப் பாதி நிரப்பினால் மரியாதை. தளும்பத் தளும்ப நிரப்பினால், குடித்துவிட்டு எழுந்து போ என்று அர்த்தம். அன்றைக்குத் தளும்பியது.

"வீட்டுத் தலைவரே," என்றாள். எங்களில் மனைவிமார் கணவனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பட்டம் மட்டும் என்னுடையது. "சனிக்கிழமை அண்ணன் வீட்டுத் தகரக் கூரைக்குப் பெயின்ட் அடிக்கணும். பனி விழுறதுக்குள்ள முடிச்சாகணும்."

"உங்கண்ணன் வீடு ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கு."

"இருபது வருஷமா அங்கதான் இருக்கு."

"அந்தப் பக்கம் ஆசியா. நாம இருக்கிற இந்தப் பக்கம் ஐரோப்பா. பாலத்துல எழுதியே வெச்சிருக்கான்."

"அதுக்கு?"

"ஐரோப்பாவுல சனிக்கிழமை யாரும் வேலை செய்யறதில்ல."

"நீங்க மத்த நாள்லயும் ஒண்ணும் செஞ்சு நான் பார்க்கலையே! ஒன்பது மணிக்குப் பஸ்."

நேருக்கு நேர் மோதினால் தோல்விதான். மூளையால் மோத முடிவு செய்தேன். என்னிடம் ஆயுதமும் இருந்தது. குஸ்பான் தினமும் என் கைப்பேசிக்கு 'உலகம் உங்களை வியக்க வைக்கும்' என்று செய்தி அனுப்புவான். அந்த நாட்டில் ஆறே கிடையாது, இந்த நாட்டில் மூன்று தலைநகரம், இன்னொன்றில் கொசுவே இல்லை. அதில் பாதி உண்மை, பாதி பொய். எந்தப் பாதி எது என்று அனுப்பியவனுக்கும் தெரியாது, படித்தவனுக்கும் தெரியாது. ஆனாலும் படித்த கையோடு எல்லாரும் இன்னும் பத்துப் பேருக்கு அனுப்பிவிடுவார்கள். உலகத்தில் மிக நீளமான நதி அதுதான்.

நான் அப்படிப்பட்டவன் இல்லை. பணிமனையில் ஒரு பழைய உலகப்படப் புத்தகம் உண்டு. பதினாலாம் எண் பேருந்தின் பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள். வியாழக்கிழமை அதை உருவினேன். பேருந்து நாலடி பின்னால் போய்ச் சுவரில் முட்டியது. அறிவுத் தேடலில் இதெல்லாம் சகஜம். அன்றும் மறுநாளும் ஒவ்வொரு செய்தியாகச் சரிபார்த்தேன். ஐந்து கேள்விகளைப் பொறுக்கி எடுத்தேன். படித்தவர்களே வழுக்கி விழுகிற ஐந்து.

வெள்ளிக்கிழமை மாலை குஸ்பானைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். பல்ஜியா எண்ணெயில் பவுர்சாக் உருண்டைகளைப் பொரித்துக்கொண்டிருந்தாள்.

"பல்ஜியா, ஒரு பந்தயம்! உலகத்தைப் பத்தி அஞ்சு விஷயம் சொல்வேன். ஒவ்வொண்ணும் உண்மையா பொய்யான்னு நீ சொல்லணும். அஞ்சும் சரியாச் சொன்னா, மூச்சுக் காட்டாம நாளைக்குக் கூரை மேல ஏறுறேன். ஒண்ணே ஒண்ணு தப்பாச் சொன்னாலும் நான் கடலுக்குப் போறேன். குஸ்பான்தான் நடுவர்."

"ஒண்ணு தப்பானாலும் போதுமா? இது என்ன நியாயம்?"

"பயமா இருந்தா விட்டுடு."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்தாள். ஒரு தட்டு நிறையப் பவுர்சாக்கை நடுவர் முன்னால் வைத்தாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"சரி. ஜெயிச்சா எங்க போவீங்க? நடுவர் காதுல விழுற மாதிரி இன்னொரு தடவை சொல்லுங்க."

"கடலுக்கு!" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

"குறிச்சுக்கிட்டேன் அண்ணி," என்றான் குஸ்பான், வாய் நிறைய.

முதல் கேள்வியை வீசினேன். "நிலாவுலேருந்து பார்த்தா சீனப் பெருஞ்சுவர் கண்ணுக்குத் தெரியும்."

"பொய்."

"யோசிச்சுச் சொல்லு. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளம்!"

"நீளம் இருந்தாப் போதுமா? அகலம் வேண்டாம்? என் முடிகூட நீளந்தான். வாசல்ல நின்னு பார்த்தா ஒத்த முடி தெரியுதா? சூப்புல விழுந்தா மட்டும் உங்களுக்குத் தெரியும்."

சரியான விடை. சரி, அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

"உலகத்துலயே அதிகமான பிரமிடு இருக்கிறது எகிப்துல."

"பொய்."

"எப்படி?"

"எகிப்துதான்னு எல்லாருக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரிஞ்சதை நீங்க எதுக்குக் கேக்கறீங்க? மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்கு."

அதுவும் சரி. சூடானில்தான் அதிகம். புவியியல் தெரியாதவள் என் முகவியலைப் படித்துப் பதில் சொல்கிறாள்! முகத்தைக் கல்லாக்கிக்கொண்டேன். குஸ்பான் எட்டாவது பவுர்சாக்கை எடுத்தான்.

"ரஷ்யாவுக்கும் அமெரிக்காவுக்கும் நடுவுல, ரெண்டு தீவுக்கிடையில, வெறும் நாலு கிலோமீட்டர்தான் தூரம்."

"உண்மை."

"நாலு கிலோமீட்டர்டீ! இங்கேருந்து சந்தைக்குப் போற தூரம்!"

"இப்படி ஜென்மப் பகையா இருக்கிறவங்க பக்கத்து வீட்டுக்காரங்களாத்தானே இருப்பாங்க? மேல்மாடிக்காரியை நான் பார்க்கலையா?"

சரி. எனக்கு வியர்த்தது.

"நம்ம நாட்டுல ஒரு ஏரி இருக்கு. பல்காஷ். அதுல ஒரு பாதி நல்ல தண்ணி. இன்னொரு பாதி உப்புத் தண்ணி. ஒரே ஏரி!"

"உண்மை. இதுல என்ன அதிசயம்? ஒரே வீட்டுல நானும் நீங்களும் இல்லையா?"

குஸ்பான் சிரித்த சிரிப்பில் பவுர்சாக் புரையேறியது. நான்கே நிமிடம். நான்கும் போய்விட்டன. இரண்டு நாள் உழைப்பு, ஒரு பேருந்தின் பின்விளக்கு, எல்லாம் எண்ணெய்ச் சட்டியில். கையில் ஒரே ஒரு தோட்டா. நல்லவேளை, அது பீரங்கிக் குண்டு. இந்த ஊரில் பிறந்து வளர்ந்த யாரும் தப்பவே முடியாத குண்டு.

"கடைசிக் கேள்வி," என்றேன் மெதுவாக. "நம்ம காஸ்பியன் ஒரு கடல். உண்மையா, பொய்யா?"

பல்ஜியா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "இது ஒரு கேள்வியா? கடல்தான். உண்மை."

நான் துள்ளிக் குதித்தேன். தேநீர்க் கிண்ணங்களும் குதித்தன.

"தப்பு! தப்பு! அது ஏரி! சுத்தி நாலாபக்கமும் நிலம். எந்தப் பெருங்கடலோடயும் சேரல. உலகத்துலயே பெரிய ஏரி அதுதான்! பேர்தான் கடல்!"

"கப்பல் போகுது?"

"ஏரியிலயும் போகும்!"

"உப்புக் கரிக்குது?"

"பல்காஷ்ல பாதி கரிக்குதுன்னு நீயே ஒத்துக்கிட்டியே!"

உலகப்படப் புத்தகத்தை அவள் மடியில் போட்டேன். சக்கரத் தடத்துக்குக் கீழே தெளிவாக அச்சாகியிருந்தது. அவள் விரல்வைத்துப் படித்தாள். பெருமூச்சு விட்டாள். இருபத்திரண்டு வருட இல்லறத்தில் அந்தப் பெருமூச்சை நான் முதன்முறையாகக் கேட்டேன். இசையாக இருந்தது.

"சரிதான். ஏரிதான். நான் தோத்துட்டேன்," என்றாள்.

"நடுவரே?"

"அண்ணன் ஜெயிச்சாரு," என்றான் குஸ்பான்.

நான் தூண்டிலைத் தேடி எழுந்தேன். பரணில் ஏறி, பெட்டியை இறக்கி, தூசி தட்டி, மறந்துவிட்ட ஒரு பாட்டைக்கூட முணுமுணுத்தேன்.

"போய்ட்டு வாங்க," என்றாள் பல்ஜியா, பவுர்சாக்கைத் திருப்பிவிட்டபடி. "எந்தக் கடலுக்கு?"

"எந்தக் கடலுக்கா? நம்ம கடலுக்…"

வாய் பாதியில் நின்றது.

"ஜெயிச்சா கடலுக்குப் போறேன்னுதானே பந்தயம்? நடுவர் குறிச்சிருக்காரு. ஏரிக்குன்னு யாரும் சொல்லல. கருங்கடல் ஒண்ணு இருக்குன்னு கேள்விப்பட்டிருக்கேன். நாளைக்கு ஒருநாள்ல போய்ட்டு வந்துடுவீங்களா?"

"அது… பல்ஜியா, அதுல ரெண்டு கட்சி இருக்கு. கடல்தான்னு சொல்றவங்களும் இருக்காங்க. பெரிய பெரிய ஆளுங்க…"

"அப்படியா? அப்போ நான் சொன்னது சரி. அஞ்சுக்கு அஞ்சு. கூரைக்குப் போங்க."

"இல்ல இல்ல, ஏரிதான்!"

"அப்போ கடல் இல்ல. கூரைக்குப் போங்க."

காஸ்பியன் கடலா ஏரியா என்று அதைச் சுற்றியுள்ள ஐந்து நாடுகள் இருபது வருடத்துக்கு மேல் மாநாடு போட்டுப் பேசின. விமானத்தில் போய்ப் பேசின. கடைசியில் கடலும் இல்லை ஏரியும் இல்லை என்று ஒரு மாதிரி கையெழுத்துப் போட்டுக்கொண்டு எழுந்தன. என் மனைவி ஒரு சட்டி பவுர்சாக் வேகும் நேரத்தில் முடித்துவிட்டாள்.

நடுவரைப் பார்த்தேன். நடுவர் தட்டைப் பார்த்தார். தட்டு காலி.

"அண்ணி சொல்றது சட்டப்படி சரிண்ணே," என்றான்.

சனிக்கிழமை ஒன்பது மணிப் பஸ்ஸில் பாலம் தாண்டி ஆசியாவுக்குப் போனோம். ஜினொல்லா இடுப்பில் கம்பளிச் சால்வை சுற்றிக்கொண்டு வாசலில் நின்றார்.

"வாங்க மாப்ளே! வலி உயிர் போகுது. நீங்க ஏறுங்க. ஏணியை நான் பிடிச்சுக்கறேன்."

ஏறினேன். செங்குத்தான தகரம். பச்சைப் பெயின்ட், ஒட்டடைக் குச்சிபோல ஒரு தூரிகை. மேலே காற்று ஸ்டெப்பிப் புல்வெளியின் புழுதியைக் கொண்டுவந்து ஈரப் பெயின்டில் தூவியது. நான் அடித்ததையே மறுபடி அடித்தேன். நடுப்பகல்வரை தலை நிமிரவில்லை. நிமிர்ந்தபோது கீழே ஆறு மினுமினுத்தது. ஆற்றில் ஒரு படகு. படகில் குஸ்பான். சரி, அவன் படகு, அவன் போகிறான். அவன் பக்கத்தில் ஜினொல்லா. சால்வை இல்லை. இடுப்பை வளைத்து வளைத்துத் தூண்டில் வீசிப் பழகிக்கொண்டிருந்தார். படகின் முன்பக்கத்தில், என்னுடைய ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு, என்னுடைய தூண்டில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, என்னுடைய மனைவி.

"பல்ஜியா!" என்று கத்தினேன். "எங்க போறே?"

"ஏரிக்கு!" குரல் தண்ணீர் மேல் தெளிவாக வந்தது. "கடல்னா எனக்குப் பயம். அதான் இத்தனை வருஷமா வரல. வெறும் ஏரிதான்னு நீங்க புத்தகத்தைக் காட்டினப்புறம் பயம் போயிடுச்சு!"

"அப்போ நான்?"

"தெற்குப் பக்கம் இன்னும் பாக்கி இருக்கு!"

"குஸ்பான்! டேய்!"

"அண்ணி நாள் முழுக்கத் தின்ன பவுர்சாக் கொண்டாந்திருக்காங்கண்ணே!" என்று அவன் கையைக் காட்டினான். மோட்டார் இரைந்தது. படகு வளைவில் திரும்பியது.

இதற்குமேல் ஒரு ஆண் பொறுக்கக்கூடாது. தூரிகையை வீசினேன். பெயின்ட் வாளியை உதைத்தேன். இறங்கி, பஸ் பிடித்து, முகத்துவாரத்தில் அவர்களுக்கு முன்னால் போய் நின்று, ஒரு கணவன் என்றால் யார் என்று இன்றைக்குக் காட்டிவிடுவது என்று கூரை விளிம்புவரை தவழ்ந்து வந்து காலைக் கீழே விட்டுத் துழாவினேன். காலுக்கு ஒன்றும் அகப்படவில்லை. எட்டிப் பார்த்தேன்.

ஆற்றங்கரைச் சேற்றில், கால் நனையாமல் படகில் ஏறுவதற்குப் பாலமாகக் கிடந்தது, நான் ஏறி வந்த ஏணி.